எந்த வயசுக்கு எந்தப் புத்தகம்?

('இளமையில் படிக்க வேண்டிய நூலைத் தீர்மானிக்க வேண்டியது பெரியோர் வழிகாட்டலா? அவரவர் தேவையா?' என்ற பட்டிமன்றத்தில், 'அவரவர் தேவையே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! பட்டியலும் கையுமாக எதிரே அமர்ந்திருக்கிற பெரியவர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடும் உட்கார்ந்திருக்கிற அன்பர்களே! 

எதிரணித் தலைவர் ஐயா பேசும்போது ஒன்று சொன்னார். "பதினெட்டு வயசிலிருந்து முப்பதுக்குள்ளே ஒருத்தன் படிச்சே ஆகவேண்டிய நூறு புத்தகம் என்கிட்ட பட்டியலா இருக்கு. வேணுங்கிறவங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்" என்றார். எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பட்டியலை ஐயா எந்த வயசிலே எழுதினார்? அறுபத்திரண்டு வயசிலே! (சிரிப்பு) சர்க்கரை வியாதி வந்தவரைக் கூப்பிட்டு, இருபது வயசுப் பையனுக்குக் கல்யாண விருந்து எழுதச் சொன்ன மாதிரி இருக்கு. "தம்பி, வெந்தயம் ரொம்ப நல்லது. கேழ்வரகுக் கூழ் அதைவிட நல்லது." நல்லதுதான் ஐயா, யார் இல்லைன்னா? அவன் கண்ணு ஜாங்கிரி மேலே இருக்கே! (பலத்த சிரிப்பு)

நான் பேராசிரியை இல்லை, நடுவர் அவர்களே. ஒரு கிளை நூலகத்திலே நூலகர். ஊர்ப்புற நூலகத்திலே ஆரம்பிச்சு, பெருக்குறது, பூட்டுறது, புத்தகம் அடுக்குறது எல்லாம் நானே செய்து, இப்போது கிளை நூலகத்துக்கு வந்திருக்கேன். அதனாலே யார் என்ன படிக்கிறாங்கன்னு என்கிட்ட பொய் சொல்ல முடியாது. வெளியே போனா எல்லாரும் திருக்குறள்தான் படிக்கிறேன்பாங்க. உள்ளே வந்தா, "மேடம், அந்தப் பேய் நாவல் திரும்பி வந்திடுச்சா?"ன்னு மெதுவாக் கேப்பாங்க.

எங்கள் நூலகத்திலே பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருக்கு. முதல் பாகம் நைந்து, தைத்து, திரும்ப நைந்து, அட்டை எந்த நிறம்னு தெரியாத நிலைமையிலே இருக்கு. ஐந்தாம் பாகம் நல்லா விறைப்பா, மாப்பிள்ளை மாதிரி நிக்குது. (சிரிப்பு) 2022-லே படம் வந்தபோது கல்லூரிப் பிள்ளைகள் படையெடுத்து வந்தாங்க. முதல் பாகத்துக்குச் சண்டையே நடந்தது. அதிலே எத்தனை பேர் ஐந்தாம் பாகம் வரைக்கும் போனாங்கன்னு புத்தகத்திலே ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டைப் பார்த்தால் தெரியும். போகாதவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். போனவங்க யாருன்னு பார்த்தேன். பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது.

ஏன்? வந்தியத்தேவன் யார்? நிலம் இல்லை, பதவி இல்லை. கையிலே ரெண்டு ஓலை, ஏறிக்கொள்ள ஒரு குதிரை. ஊரை விட்டுக் கிளம்பினவன், போகிற வழியிலே எல்லாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கிறான். இதுதானே பதினெட்டு! நான் அதை 1991-லே படிச்சேன். பெரியம்மா வீட்டுப் பரண்மேலே, கல்கி பத்திரிகையிலே 1950-லிருந்து தொடராக வந்தபோதே வாரா வாரம் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. மூணாம் பாகம் மட்டும் இல்லை. பெரியம்மாகிட்ட கேட்டா, "உங்க சித்தி வாங்கிட்டுப் போனா, அவ கல்யாணத்துக்கு முன்னாடி"ன்னாங்க. சித்திக்குப் பேரன் பொறந்தாச்சு! (சிரிப்பு) மூணாம் பாகத்தை நானே மனசுக்குள்ளே கட்டிக்கிட்டுத்தான் நாலாம் பாகத்துக்குப் போனேன்.

அதே வருஷம் எங்க அப்பா என்ன செய்தார் தெரியுமா? தாலுகா ஆபீஸிலே எழுத்தர். நேர்மையான மனுஷன். புத்தகத்தின் மேலே ரொம்ப மரியாதை. வாடகை நூல் நிலையத்திலிருந்து நான் எடுத்து வந்த மாத நாவலை ஒருநாள் தலையணைக்குக் கீழே பார்த்திட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் மு.வ.வின் அகல் விளக்கை வாங்கிட்டு வந்து என் கையிலே கொடுத்து, "படி. சந்திரன் எப்படி அழிஞ்சு போறான்னு பாரு"ன்னார்.

அகல் விளக்கு, 1961-லே சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். மேன்மையான நூல். ஆனால் பதினெட்டு வயசிலே எனக்கு அது நாவலாக வந்ததா? நோட்டீஸாக வந்தது! "இதனால் தங்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்..." என்கிற மாதிரி! ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் அப்பா எட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது. நாற்பது பக்கத்தோடு மூடி வெச்சேன். ஏழு வருஷம் மு.வ. பக்கமே போகலை. மு.வ. என்ன பாவம் செய்தார்?

பிறகு, கல்யாணமாகி வேறு ஊர் போயாச்சு. இருபத்தைந்து வயசு. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருந்த தோழி ஒருத்தியோடு பேச்சு நின்னு போச்சு. காரணம் இங்கே வேண்டாம். அந்தச் சமயத்திலே பிறந்த வீட்டுக்கு வந்தபோது, அலமாரியிலே அதே அகல் விளக்கு. யாரும் படின்னு சொல்லலை. நானே எடுத்தேன். இந்தத் தடவை எனக்குச் சந்திரன் தெரியலை. வேலய்யன் தெரிஞ்சான். கண்ணுக்கு முன்னாலே ஒரு நண்பன் நழுவிப் போறதைப் பார்த்துக்கிட்டே நிற்கிற வேலய்யன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கொல்லைப்புறத்திலே உட்கார்ந்து அழுதேன், நடுவர் அவர்களே. புத்தகம் அதேதான். அச்சுப்பிழை கூட அதேதான். அப்பா கொடுத்தது ஏழு வருஷம் முன்னாலே போச்சு, அவ்வளவுதான்.

(கைதட்டல்)

நடுவர்: அப்போ அப்பா வாங்கி வெச்சதனாலேதானே அலமாரியிலே இருந்தது? அது வழிகாட்டல் இல்லையா?

நடுவர் ஐயா எந்தப் பக்கம்னே தெரியலை! (சிரிப்பு) வாங்கி வெச்சது சரி ஐயா. அலமாரியிலே வைங்க, நூறு என்ன, ஆயிரம் வைங்க. கையிலே திணிக்காதீங்க என்பதுதான் என் கட்சி.

அடுத்து, எதிரணியிலே புலவர் ஐயா உ.வே.சா.வைக் கொண்டு வந்து நிறுத்தினார். "சேலம் இராமசாமி முதலியார் என்ற பெரியவர் சொல்லவில்லை என்றால், உ.வே.சா. சிந்தாமணியைத் தொட்டிருப்பாரா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கதையை முழுசாச் சொல்லாமல் பாதியிலே விட்டுட்டாரே!

1880. கும்பகோணம். முதலியார் அங்கே முன்சீப். உ.வே.சா. கல்லூரியிலே புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியர். வயசு இருபத்தைந்து. முதலியார் முதலிலே என்ன செய்தார்? பட்டியலைக் கொடுத்தாரா? கேள்வி கேட்டார்! இதுவரைக்கும் என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டார். உ.வே.சா. சொல்லச் சொல்ல, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவைன்னு நீண்டுக்கிட்டே போகுது. அதெல்லாம் கேட்டுட்டு, அவருக்கு முன்னாலே இருந்த பழைய நூல்களைப் படிச்சதுண்டான்னார். இல்லை. அங்கேதான் சிந்தாமணி வருது.

கவனியுங்க. பதினாறு வயசிலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, அவர் 1876-லே மறையும் வரைக்கும் கூடவே இருந்து, கிடைச்சதை எல்லாம் ஆசை தீரப் படிச்சு முடிச்ச பிறகு, 'இனி என்ன?' என்கிற இடத்திலே நின்றுகொண்டிருந்த ஆளிடம் அந்தக் கேள்வி போய் விழுந்தது. பதினாறிலே அந்தப் பிள்ளைத்தமிழை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, "தம்பி, இதெல்லாம் வேண்டாம், சிந்தாமணி படி"ன்னு யாராவது கொடுத்திருந்தா என்னாகியிருக்கும்? நமக்கு உ.வே.சா. கிடைச்சிருப்பாரா?

இன்னொன்றும் இருக்கு. முதலியார் ஏட்டுப் பிரதியை எழுதி வாங்கிக் கொடுத்துட்டு, "படிச்சு முடிச்சியா, சுருக்கம் எழுதிக் காட்டு"ன்னு வீட்டுக்குப் போகலை. நான் உங்ககிட்டே பாடம் கேட்கிறேன்னு கூட உட்கார்ந்தார்! முன்சீப், இருபத்தைந்து வயசு ஆசிரியரிடம்! ரெண்டு பேருக்கும் புரியாத இடத்திலே உ.வே.சா. கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப்போய்க் கேட்டார். 1887-லே சிந்தாமணி அச்சிலே வந்தது. அப்படிக் கூட உட்கார்ந்து படிக்கிற பெரியவர் இருந்தா, நானே எதிரணிக்குப் போயிடறேன். நூறு பேர் கொண்ட பட்டியல் எழுதுறவங்க, அதிலே ஒண்ணையாவது அந்தப் பையனோடு சேர்ந்து மறுபடி படிக்கத் தயாரா? (பலத்த கைதட்டல்)

எதிரணியிலே அந்தத் தங்கை ஒரு கிண்டல் செய்தது. "இன்றைய இளைஞன் எதைப் படிக்கிறான்? இருபத்தாறு வயசிலே நூலகத்திலே உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் புத்தகம் படிக்கிறான்! அவரவர் தேவைக்கு விட்டால் இதுதான் கதி!" எல்லாரும் சிரிச்சீங்க. நான் சிரிக்கலை.

அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள் நான். காலையிலே நூலகம் திறக்கும் முன்னாலே வாசலிலே நிற்பாங்க. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகத்தைத்தான் புரட்டணும், அதிலிருந்து கேள்வி வருது. டிபன் பாக்ஸை ஜன்னல் விளிம்பிலே வெச்சுட்டு, ஒரே மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க ஓடுவாங்க. வீட்டிலே அப்பா படுத்த படுக்கையா இருப்பார், தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கிட்டிருப்பாங்க. இருபத்து மூணிலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு உரிய நூல் அதுதான். சோறு போடுற நூல். அதை இலக்கியம் இல்லைன்னு தள்ள எனக்கு மனசு வராது.

அதிலே ஒரு பையன். பகலெல்லாம் நூலகம், ராத்திரி பெட்ரோல் பங்க். ஒருநாள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கையிலே எடுத்துக்கிட்டு என் மேஜைக்கு வந்தான். கி.ராஜநாராயணனின் கோபல்லபுரத்து மக்களிலிருந்து ஒரு பகுதி அதிலே பாடமாக இருக்கு. பசிச்சு வந்த வழிப்போக்கனுக்குச் சோறு கொடுக்கிற பகுதி. அந்தப் பக்கத்தைக் காட்டி, "அக்கா, இதோட மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டான்.

இதோட மிச்சம் இருக்கா! இருபது வருஷமா இந்த வேலையிலே இருக்கேன். இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்கிட்ட கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவன் ஒரு நாவல் படிப்பான்னு நான் நினைச்சுப் பார்த்ததே கிடையாது. நான் அவனை 'தேர்வுக்காரன்'னு ஒரு அடுக்கிலே வெச்சு, சீட்டு ஒட்டிட்டேன். சீர்காழியிலே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924-லே சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், நூலகத்துக்குன்னு ஐந்து விதி எழுதி வெச்சார், 1931-லே. ஆளுக்கு ஆள் நூல் வேறு, ஒவ்வொரு நூலும் தன் ஆளுக்குக் காத்திருக்குங்கிறது அதிலே ரெண்டு விதியின் சாரம். சான்றிதழ் தேர்விலே அதை எழுதி மார்க் வாங்கினவள் நான். அந்தப் பையன் வந்து கேட்ட அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்குப் புரிஞ்சது.

கல்யாணமான புதுசிலே பெண்களுக்கு என்ன புத்தகம்னு எந்தப் பட்டியலிலும் இல்லை, கவனிச்சீங்களா? எனக்குக் கைக்குழந்தையோடு இருந்த இரண்டு வருஷம், படிக்கக் கிடைச்சது மளிகைப் பொட்டலம் கட்டின காகிதம்தான். ஒருநாள் கடலைப்பருப்பு சுற்றி வந்த தாளிலே பாதிக் கதை. ஒரு பெண் பஸ் ஸ்டாண்டிலே நிற்கிறா, கையிலே பெட்டி. மிச்சம் கிழிஞ்சு போச்சு. இன்னைக்கு வரைக்கும் அவ எந்த பஸ் ஏறினான்னு எனக்குத் தெரியாது. மறுபடி அதே கடைக்குப் போய், "அண்ணாச்சி, அரைக் கிலோ கடலைப்பருப்பு, அதே பேப்பர்லே"ன்னு கேட்டவள் நான்! (சிரிப்பு)

இதெல்லாம் தெரிஞ்ச நான், என் மகனுக்கு என்ன செய்தேன்?

இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டேதான் மேடைக்கு வந்தேன். சொல்லிடறேன்.

நூலகர் மகன் படிக்கலைன்னா ஊர் சிரிக்குமேன்னு, அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடிச்ச லீவிலே நான் ஒரு பட்டியல் போட்டேன். எதிரணித் தலைவர் ஐயா நூறு போட்டார், நான் ஐம்பதுதான் போட்டேன். வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேள்வி வேறு கேட்பேன். எங்க அப்பாவையாவது மன்னிக்கலாம், அவர் ஒரு புத்தகத்தோடு விட்டார்! ஏழாவது வாரம் அவன் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மேஜை மேலே வெச்சுட்டு கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அதோடு சரி. ஆறு வருஷம் அந்த வீட்டிலே அவன் ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை. புத்தகத்துக்கு நடுவிலேயே பிழைக்கிறவள் மகன்!

2023-லே அவனுக்கு வேலை போச்சு. சென்னையிலே கம்ப்யூட்டர் கம்பெனி. ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரிலேயே ஒரு கூட்டம், பத்து நிமிஷம், முடிஞ்சது. இருபத்து நாலு வயசு. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். நாலு மாசம், நடுவர் அவர்களே. அறையை விட்டு வெளியே வரமாட்டான். தட்டிலே சோறு வெச்சா பாதி அப்படியே இருக்கும். ராத்திரி மூணு மணிக்கு லைட் எரியும். அவங்க அப்பா கதவைத் தட்டப் போவார், கையை நீட்டுவார், தட்டாமத் திரும்பி வந்திடுவார்.

நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிஞ்சது ஒரே மருந்து. எங்கள் நூலகத்திலே தன்னம்பிக்கை வரிசை முழுக்க அள்ளிக்கிட்டு வந்தேன். ஜெயிப்பது எப்படி, எழுவது எப்படி, எண்ணுவது எப்படின்னு ஒரு டஜன். அவன் அறை வாசலிலே வெச்சேன். அடுத்த நாள் அது அப்படியே நகர்ந்து கூடத்திலே இருந்தது. திரும்ப வெச்சேன். திரும்ப நகர்ந்தது. வாயே திறக்காமல் அம்மாவும் பிள்ளையும் ஒரு வாரம் இப்படியே சண்டை போட்டோம்.

பக்கம் கழண்ட புத்தகத்தை எல்லாம் நான் வீட்டுக்கு எடுத்து வந்து பசை போட்டு ஒட்டுவது வழக்கம். கூடத்து மூலையிலே ஒரு குவியல் எப்பவும் கிடக்கும். அந்தக் குவியலிலே அசோகமித்திரனின் கரைந்த நிழல்கள் இருந்தது. படிச்சவங்களுக்குத் தெரியும், அது சினிமாத் தொழிலிலே பிழைக்கிறவர்களின் கதை. ஒரு படம் முடியாமல் நின்னு போகுது. அதை நம்பி இருந்தவங்க ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போறாங்க. ஜெயிக்கிறவன் யாருமில்லை. வேலை போன பிள்ளைக்குக் கொடுக்கிற புத்தகமா அது? நானாக இருந்தா ஒளிச்சு வெச்சிருப்பேன். விஷம் வெச்ச மாதிரின்னு நினைச்சிருப்பேன்.

ஒரு காலையிலே பார்க்கிறேன், அந்தப் புத்தகம் குவியலிலே இல்லை. எலி இழுத்துட்டுப் போச்சோன்னு அலமாரிக்குக் கீழே எல்லாம் தேடினேன். இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அவனே அறையிலிருந்து வெளியே வந்தான். சமையற்கட்டிலே என் பக்கத்திலே தரையிலே உட்கார்ந்தான். "தோசை இருக்கா?"ன்னான். வார்த்தேன். நாலாவது தோசை சாப்பிடும்போது சொல்றான்: "அம்மா, அந்தக் கதையிலே யாருமே யாருக்கும் அட்வைஸ் பண்ணலைம்மா."

(நெடிய கைதட்டல்)

கை தட்டாதீங்க. எனக்கு அது அடி. நான் வாசலிலே கொண்டு வந்து வெச்ச பன்னிரண்டு புத்தகமும், 'நீ எழுந்திரு, நீ எழுந்திரு'ன்னு அவனைப் பார்த்து அதட்டிக்கிட்டே இருந்திருக்கு. அவனுக்கு வேண்டியிருந்தது, தன்னை மாதிரியே வேலை நின்னு போன ஒருத்தன் பக்கத்திலே வந்து சும்மா உட்கார்றது. அது எனக்குத் தெரியலை. பெத்தவள், முப்பது வருஷமாப் படிக்கிறவள், புத்தகத்தைக் கையாள்றதே தொழிலா இருக்கிறவள், எனக்கே தெரியலைன்னா, ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்கு நூறு புத்தகத்தை ஐயா எப்படித் தீர்மானிப்பார்?

(மணி ஒலி)

மணி அடிச்சிட்டீங்க. ஒரே நிமிஷம் ஐயா. அவன் அதுக்கப்புறம் பெரிய வாசகன் ஆயிட்டான்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். மறுவருஷம் கோயம்புத்தூரிலே வேறு வேலை கிடைச்சது. சம்பளம் பழசைவிடக் குறைச்சல். எப்பவாவது போனிலே ஏதோ படிக்கிறான், என்னன்னு நான் கேட்கிறதில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டுக் கேட்காமல் இருக்கேன்! (சிரிப்பு)

அந்தப் புத்தகத்தை மட்டும் நூலகத்துக்குத் திருப்பிக் கொண்டு போகும்போது பிரிச்சுப் பார்த்தேன். கழண்டு கிடந்த பக்கங்களை அவனே பசை போட்டு ஒட்டி வெச்சிருந்தான். ஒரு பக்கம் கோணலாப் போயிருக்கு. நான் அதைத் திருத்தலை, அப்படியே அலமாரியிலே வெச்சிருக்கேன்.